விண்ணப்பத்தில் ஏறும் தொண்டு

அமெரிக்காவில் வைத்தியக் கல்விக்குள் நுழைவது, நம் நாட்டைப் போல, பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு நடக்கிற காரியம் அன்று. முதலில் ஏதேனும் ஒரு கல்லூரியில் நான்கு ஆண்டுகள் படித்து இளங்கலைப் பட்டம் பெற வேண்டும். மருத்துவக் கல்லூரி அதற்கு அப்பால் இருக்கிறது. அந்த நான்கு ஆண்டுகளில் மாணவன் சரித்திரம் படித்தாலும் சரி, சங்கீதம் படித்தாலும் சரி, உயிரியல், இரசாயனம், பௌதிகம் ஆகிய பாடங்களையும் கூடவே முடித்துக்கொண்டு, 'பிரீ-மெட்' என்னும் அடைமொழியோடு வளைய வருகிறான். மூன்றாம் ஆண்டின் நடுவில் ஒரு நாள் கல்லூரி ஆலோசகரின் அறைக்குள் சென்று, "எனக்கு இடம் கிடைக்குமா? கிடைக்க வேண்டுமானால் இன்னும் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறான். கேட்கும்போது இது வெறும் கணக்காகவே தோன்றுகிறது. ஆனால் மனிதன் தெய்வத்தையும் தர்மத்தையும் பற்றி எண்ணத் தொடங்கிய காலந்தொட்டுத் தீராமல் இருந்துவரும் இரண்டு வினாக்கள் அதற்குள் அடங்கியிருக்கின்றன. பலன் என்பது செய்கிறவன் கையில் உள்ளதா என்பது ஒன்று. பலனைக் கருதிச் செய்த நற்செயல் நற்செயல் ஆகுமா என்பது மற்றொன்று.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். கல்லூரி மதிப்பெண்களின் சராசரி 4க்கு எத்தனை என்று கணிக்கப்படுகிறது. இடம் பெறுவோரின் சராசரி 3.7ஐத் தாண்டி நிற்கிறது. அடுத்தது 'எம்-கேட்' என்னும் நுழைவுப் பரீட்சை. இடைவேளைகளையும் சேர்த்து ஏழரை மணி நேரம் நீளும் அந்தப் பரீட்சையின் மதிப்பெண் 472ல் தொடங்கி 528ல் முடிகிறது; இடம் பெறுவோர் சராசரியாக 511ஐ ஒட்டியோ அதற்கு மேலோ எடுத்திருக்கிறார்கள். இப்பரீட்சையில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதன் நான்கு பகுதிகளில் ஒன்றில் தத்துவம், நீதி, மதம் முதலியவை பற்றிய கட்டுரைப் பகுதிகளைக் கொடுத்து வினாக்கள் கேட்கிறார்கள். கடமை என்றால் என்ன என்று நின்று நிதானித்து எண்ணிப் பார்க்க நான்கு ஆண்டுகளாக அவகாசம் இல்லாத ஒரு மாணவன், கடமையைப் பற்றிய ஒரு கட்டுரையைப் பத்து நிமிஷத்தில் படித்து, ஐந்தாறு வினாக்களுக்கு விடை குறித்துவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறான்!

ஆண்டுதோறும் 50,000க்கு மேற்பட்டோர் விண்ணப்பிக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கும் குறைவாகவே இடம் கிடைக்கிறது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் ஓர் அட்டவணையை வெளியிடுகிறது. அதில் கல்லூரிச் சராசரி ஒரு பக்கமும் பரீட்சை மதிப்பெண் மற்றொரு பக்கமும் இருக்க, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் அத்தகைய மதிப்பெண் பெற்றவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்பது குறிக்கப்பட்டிருக்கும். இரண்டிலும் உச்சத்தில் நிற்பவர்களின் கட்டத்திலேகூட ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவர் எங்கும் இடம் பெறாமல் திரும்புகிறார். மாணவன் தன் கட்டத்தின்மேல் விரலை வைத்து, 'எனக்கு அறுபது சதவீதம்' என்று சொல்லிக்கொள்கிறான். அந்த அறுபது அவனைப் பற்றியது அன்று. அவனுக்கு முன்னால் அதே வாசலில் நின்ற முகந்தெரியாத பலரைப் பற்றியது. அவனுக்கு வரப்போவது முழு இடம், அல்லது முழு ஏமாற்றம். அறுபது பங்கு வைத்தியனாக எவனும் ஆவதில்லை. சோதிடன் சொல்வதை நம்பாத படித்த குடும்பங்கள் இந்த அட்டவணையை நம்புகிற நம்பிக்கையைக் காணும்போது, மனித மனம் சோதிடத்தை விட்டுவிடவில்லை, சோதிடனை மட்டுமே மாற்றிக்கொண்டது என்று எண்ணத் தோன்றுகிறது.

தன் கையில் உள்ளவை இவை என்று அவன் அறிந்துகொள்வதில் தவறில்லை. அவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முதலாண்டில் மதிப்பெண் சரிந்திருந்தால் பின்னர் அது ஏறுமுகமாக இருக்கிறதா என்று தேர்வுக் குழுவினர் பார்க்கிறார்கள்; ஆகையால் சரிந்தவன் எழ முடியும். பட்டத்துக்குப் பிறகும் விஞ்ஞானப் பாடங்களை ஓராண்டு படித்து நிலையை உயர்த்திக்கொள்ள வழி இருக்கிறது. பரீட்சையை மீண்டும் எழுதலாம். ஆயத்தமில்லாமல் எழுதுவதைவிட ஆறு மாதம் தள்ளிப்போடுவது மேல். பல கல்லூரிகள் விண்ணப்பங்களை வரவரப் பார்த்து முடிவு செய்வதால், கோடைத் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுவது நலம். தன் மாநிலத்தின் அரசாங்கக் கல்லூரிகள் அம்மாநிலத்தாருக்கு முன்னுரிமை தருகின்றன என்பதை மறந்து, பேர்பெற்ற கல்லூரிகளுக்கு மட்டும் விண்ணப்பிப்பது வீண் டம்பம். 'ஆஸ்டியோபதி' மருத்துவக் கல்லூரிகளில் படித்தவர்களும் அந்நாட்டில் முழு உரிமை பெற்ற வைத்தியர்களே. இவற்றில் தத்துவச் சிக்கல் ஏதும் இல்லை.

சிக்கல் தொண்டு என்னும் இடத்தில் வருகிறது. மதிப்பெண் மட்டும் போதாது, மனிதனையும் பார்க்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தினால், விண்ணப்பதாரன் கல்லூரிக்கு வெளியே என்ன செய்தான் என்று குழுவினர் கேட்கிறார்கள். விண்ணப்பத்தில் அதற்குப் பதினைந்து கட்டங்கள். ஒவ்வொன்றிலும் செய்த பணியின் பெயர், தொடங்கிய மாதம், முடிந்த மாதம், மொத்தம் எத்தனை மணி நேரம், அதற்குச் சாட்சி சொல்லக்கூடியவரின் பெயர், பிறகு 700 எழுத்துகளுக்கு உட்பட்ட வருணனை. பதினைந்தில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, 'என் வாழ்வில் மிகவும் பொருள் பொதிந்தவை இவை' என்று அடையாளமிட்டு, அவற்றைப் பற்றி மேலும் 1,325 எழுத்துகள் எழுதலாம். வலது கை கொடுப்பதை இடது கை எப்படி அறியாதிருக்க முடியும்? வலது கை செய்யும் தர்மத்தை இடது கை அறியலாகாது என்று மலைப்பிரசங்கத்தில் உபதேசித்த ஏசுநாதரைத் தொழும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் தேசத்தில், இடது கை பேனாவை எடுத்து வலது கை செய்த தர்மத்தை மணிக்கணக்கில் எழுதிக்கொண்டே வருமாறு ஒரு படிவம் ஏற்பட்டிருக்கிறது. நம் கோயில்களில் குழல்விளக்கின்மேல் உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதி, அந்த எழுத்தே வெளிச்சத்தை மறைக்கக் காண்கிறோம் அல்லவா? அந்த உபயதாரரும் இந்த மாணவனும் ஒரே இனத்தவர்கள்தாம்.

கடுமையான நீதிவான்கள் இம்மாணவனை எளிதில் விடமாட்டார்கள். ஜெர்மன் தத்துவஞானி கான்ட், 1785ல் வெளிவந்த தம் ஒழுக்கத் தத்துவ நூலில், விவரம் அறியாத வாடிக்கைக்காரனிடமும் சரியான விலையே வாங்கும் கடைக்காரன் ஒருவனை நம்முன் நிறுத்துகிறார். அவன் ஏமாற்றவில்லை, ஆனால் நாணயமான கடை என்ற பெயர் வியாபாரத்துக்கு நல்லது என்பதற்காகவே ஏமாற்றாமல் இருக்கிறான். அச்செயல் கடமைக்கு இசைந்ததே ஒழியக் கடமையின்பொருட்டுச் செய்ததன்று. ஆகவே அதற்கு ஒழுக்க மதிப்பு இல்லை என்பது அவர் முடிவு. செயல்கள் எல்லாம் எண்ணத்தைப் பொறுத்தவை என்ற நபிகள் நாயகத்தின் வாக்கைத்தான் புகாரி தம் ஹதீஸ் தொகுப்பின் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறார். கர்மத்தில்தான் உனக்கு அதிகாரம், பலனில் இல்லை என்ற கீதையின் உபதேசமோ நம் வீட்டுத் திண்ணையிலேயே கேட்டுக் கேட்டுப் பழகிப்போனது. இம்மூன்று நியாயஸ்தலங்களிலும், விண்ணப்பத்துக்காக ஆஸ்பத்திரியில் தொண்டு செய்யும் மாணவன் தோற்றுத்தான் போவான்.

ஆயினும் கீதையை முழுவதும் படித்தவர்கள் அதன் ஏழாம் அத்தியாயத்தையும் மறக்கக்கூடாது. பகவானை நாடி வருகிறவர்கள் நால்வகையினர் என்று அங்கே வகுக்கப்பட்டிருக்கிறது. துன்பத்தால் வருந்தி வருபவன், அறிய விரும்பி வருபவன், பொருளை வேண்டி வருபவன், ஞானி என்ற இந்நால்வரில் ஞானியே உயர்ந்தவன் என்று சொன்ன வாக்கு, மற்ற மூவரையும் வெளியே தள்ளிவிடவில்லை; நால்வரும் உயர்ந்தவர்களே என்று சொல்லித்தான் ஞானியைத் தனியே பிரிக்கிறது. பொருளை வேண்டிக் கோயிலுக்கு வந்தவனுக்கும் உள்ளே இடம் உண்டு. யூதர்களின் தால்முத் நூலும் இவ்வாறே, வேறு நோக்கத்தோடாவது ஒருவன் வேதத்திலும் நற்செயலிலும் ஈடுபடட்டும், நாளடைவில் அதற்காகவே அதைச் செய்யும் நிலைக்கு வந்துவிடுவான் என்று கூறுகிறது. நீதியான செயல்களைச் செய்து செய்தே ஒருவன் நீதிமான் ஆகிறான் என்று அரிஸ்டாட்டில் சொன்னதும் இக்கட்சிக்கே துணை. மனம் தூய்மையான பிறகுதான் கையை நீட்டுவேன் என்று காத்திருப்பவனுடைய மனம் தூய்மையாவதற்குள் எத்தனையோ நோயாளிகள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இதை நோயாளியின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். தத்துவஞானிகள் செய்கிறவனையே உற்று நோக்குகிறார்கள். யாருக்குச் செய்யப்படுகிறதோ அவரை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் இறுதிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளைப் பேணும் 'ஹாஸ்பிஸ்' என்னும் நிலையங்கள் உண்டு. முதியோருக்கான அரசாங்க மருத்துவக் காப்பீட்டுப் பணத்தைப் பெறும் ஹாஸ்பிஸ் ஒவ்வொன்றும், நோயாளிகளைக் கவனிக்கும் நேரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குக்குக் குறையாமல் சம்பளமில்லாத தொண்டர்களைக் கொண்டு நடத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கே சனிக்கிழமைதோறும் வரும் கல்லூரி மாணவனுக்குப் பெரிய வேலை எதுவும் கொடுக்கமாட்டார்கள். விழுங்கும் சக்தி போய்விட்ட கிழவர் ஒருவரின் கட்டிலருகே அவன் உட்கார்ந்திருப்பான். குச்சியின் நுனியில் ஒட்டிய சிறு பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, ஓரத்தில் பிழிந்து, வறண்ட உதட்டிலும் ஈறிலும் மெல்ல ஒற்ற வேண்டும். அதிகம் நனைத்தால் புரையேறும். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் ஒற்ற வேண்டும். அவர் பேசினால் கேட்க வேண்டும். பேசாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். முதல் சில வாரங்கள் அவன் கண் சுவர்க் கடிகாரத்தின்மேலேயே இருக்கும், இரண்டு மணி நேரத்தைக் கணக்கில் ஏற்றுவதற்காக. அந்தக் கிழவருக்கு அதனால் என்ன? உதட்டில் பட்ட ஈரம் கான்ட்டைக் கேட்டுக்கொண்டு குளிர்ச்சியாக இருக்கப்போவதில்லை.

நாளடைவில் அவன் கண் கடிகாரத்தை விட்டுக் கிழவரின் முகத்துக்கு வந்துவிடும் என்று சொல்லி முடித்துவிட எனக்கு ஆசைதான். பலருக்கு வருகிறது, சிலருக்குக் கடைசிவரை வருவதில்லை. தால்முத் சொல்வது ஒரு நம்பிக்கையே தவிர விதியன்று. ஆனால் அம்மாற்றம் நேரக்கூடிய நிலைமை எது, நேரவே முடியாத நிலைமை எது என்று சொல்லிவிடலாம். பதினைந்து கட்டங்களையும் நிரப்புவதற்காக மாதம் ஓர் இடம் என்று தாவுகிறவனுக்கு அது நேர வழியே இல்லை. ஓர் இடத்தில், ஒரே விதமான மனிதர்களோடு, ஆண்டுக்கணக்கில் தங்குகிறவனுக்கு வழி இருக்கிறது. விசித்திரம் என்னவென்றால், அனுபவமுள்ள குழுவினரும் பத்து இடங்களில் இருபது இருபது மணி நேரம் கழித்தவனைவிட, ஓர் இடத்தில் மூன்றாண்டு நிலைத்தவனையே மதிக்கிறார்கள். ஆலோசகரின் யுக்தியும் ஆன்மிகத்தின் உபதேசமும் இந்த ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன.

இந்த முறையினால் விளையும் இரண்டு தீங்குகளைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. சம்பளமில்லாமல் ஐந்நூறு மணி நேரம் தொண்டு செய்ய யாரால் முடியும்? தகப்பனார் வருமானத்தில் படிக்கிறவனால் முடியும். இரவு உணவுவிடுதியில் தட்டுக் கழுவி வீட்டு வாடகைக்குப் பணம் அனுப்புகிறவனால் முடியாது. அவனோ தான் எதுவும் செய்யவில்லை என்று வெட்கப்படுகிறான். ஆங்கிலம் தெரியாத தாயைப் பத்து வயது முதல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், வைத்தியர் சொல்வதைத் தாய்க்கும் தாய் சொல்வதை வைத்தியருக்கும் எடுத்துச் சொன்ன மகளுக்கு அது தொண்டாகவே தோன்றுவதில்லை. பக்கவாதத்தில் விழுந்த தாத்தாவைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிட்டுக் கல்லூரிக்கு ஓடிய பையன் அதைப் படிவத்தில் எழுதலாமா என்று தயங்குகிறான். தாராளமாக எழுதலாம், கூலி வேலையையும் வீட்டுப் பொறுப்பையும் எழுத அப்படிவத்தில் இடம் இருக்கிறது. இல்லறக் கடமையைத் தலைமேல் வைத்துப் போற்றிய மரபில் வந்தவர்களின் பிள்ளைகள், தெரியாதவருக்குச் செய்தால்தான் தொண்டு என்று எண்ணும்படி ஆகியிருப்பது வருந்தத்தக்கது.

மற்றொரு தீங்கு, 'நான் ஏன் வைத்தியனாக விரும்புகிறேன்' என்று 5,300 எழுத்துகளுக்குள் எழுதச் சொல்லும் கட்டுரையினால் வருவது. அழைப்பு என்பது உண்டு. இல்லையென்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பிறந்த அமெரிக்கப் பாதிரிக் குடும்பத்துப் பெண் ஐடா ஸ்கடர், தாயின் நோயை முன்னிட்டுத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஓரிரவில் மூன்று வீட்டார், பிரசவ வேதனையில் கிடந்த தங்கள் பெண்களைக் காப்பாற்ற வருமாறு அவரை வந்து அழைத்தார்கள். வைத்தியரான தந்தையார் வருவார் என்று சொன்னதற்கு, ஆண் வைத்தியர் கூடாது என்று மூவரும் மறுத்துப் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். இந்தியாவில் தங்கவே விருப்பமில்லாதிருந்த அந்தப் பெண் திரும்பிப்போய் வைத்தியம் படித்து, 1899ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, வேலூருக்கு வந்து பணியைத் தொடங்கினார். 1918ல் அங்கே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஏற்படுத்தினார். அது அழைப்பு. ஆனால் இருபது வயது நிரம்பிய ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் நள்ளிரவில் மூன்று பேர் வந்து தட்டவேண்டும் என்று குழுவினர் எதிர்பார்த்தால், தட்டாத கதவைத் தட்டியதாக எழுதத்தான் பிள்ளைகள் கற்பார்கள். பாட்டியின் மரணம் கட்டுரைக்குப் பொருளாகிறது. தம்பியின் காய்ச்சல் தரிசனமாகிறது. 'உடற்கூறு எனக்குப் பிடித்திருக்கிறது; மனிதர்களோடு பழகுவது பிடித்திருக்கிறது; நிலையான தொழிலும் வேண்டும்' என்று உண்மையை எழுதுகிறவன், உண்மையைச் சொன்ன குற்றத்துக்காகப் பின்தள்ளப்படலாமா? நல்ல வைத்தியர்களில் பெரும்பாலோர் இவ்வளவு சாதாரணமான காரணங்களுக்காகவே இத்தொழிலுக்கு வந்தவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

தேர்வு செய்கிறவர்களின் ஞானதிருஷ்டிக்கும் ஓர் எல்லை உண்டு. 1979ல் டெக்ஸாஸ் மாநிலச் சட்டசபை, ஹூஸ்டன் நகரிலுள்ள அரசாங்க மருத்துவக் கல்லூரியில் 150 இடங்களை 200 ஆக்கும்படி காலந்தாழ்த்தி உத்தரவிட்டது. கல்லூரியார் அதற்கு முன்பே ஏறத்தாழ 800 பேரை நேரில் கண்டு பேசி, வரிசைப்படுத்தி, மேல்வரிசையில் இருந்தவர்களைக் கொண்டு 150 இடங்களையும் நிரப்பிவிட்டார்கள். உத்தரவு வந்தபோது அடிவரிசையில் இருந்தவர்களே எஞ்சியிருந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் வேறெந்தக் கல்லூரியிலும் இடம் பெறாதவர்கள். அவர்களிலிருந்து 50 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். பின்னர் இரு கூட்டத்தாரையும், படிப்பிலும் நோயாளிகளைக் கவனித்த திறத்திலும், பட்டத்துக்குப் பிந்திய முதலாண்டுப் பயிற்சியிலும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சொல்லத்தக்க வேற்றுமை எதுவும் காணப்படவில்லை. 1987ல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது. நேர்முகத்தில் அமர்ந்து மனிதனை எடைபோட்டுவிட்டோம் என்று எண்ணிய பெரியவர்கள், உண்மையில் எதை எடைபோட்டார்கள்?

தகுதி ஓர் அளவைத் தாண்டிய பிறகு, அதற்குமேல் நடப்பது சீட்டுக் குலுக்கல்தான் என்று ஒப்புக்கொண்ட தேசமும் உண்டு. நெதர்லாந்தில் 1972 தொடங்கிப் பல ஆண்டுகள் வைத்திய மாணவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தார்கள். மதிப்பெண் கூடியவனுக்குக் குலுக்கலில் வாய்ப்பும் கூடும்படி அமைத்திருந்தார்கள். 2017ல் அதைக் கைவிட்டு, சில ஆண்டுகளில் மீண்டும் அதற்கு அனுமதி தந்திருக்கிறார்கள். நம் உத்தரமேரூர்க் கல்வெட்டில் காணும் குடவோலை முறையும், நிலம், வயது, கல்வி, ஒழுக்கம் என்று தகுதியை வரையறுத்து, அதற்குப் பிறகே குடத்துக்குள் ஓலையைப் போட்டது. தகுதியுடைய பலரில் இவனே தகுதியானவன் என்று பிரித்துச் சொல்லும் வல்லமை மனிதனுக்கு இல்லை என்ற பணிவு இதில் இருக்கிறது. அமெரிக்கக் குழுவினர் இந்தப் பணிவைக் காட்டுவதில்லை. குலுக்கலின் நிச்சயமின்மையை வைத்துக்கொண்டே, அதற்குத் தீர்ப்பின் தோரணையைக் கொடுத்துவிடுகிறார்கள்.

அதனால் மறுப்புக் கடிதம் பெற்றவன் அதைத் தன் ஆத்மாவின்மேல் எழுதிய தீர்ப்பாகப் படிக்கிறான். அந்நாட்டை அமைத்தவர்களில் ஒரு சாரார், யார் கடைத்தேறுவார் என்பதைக் கடவுள் முன்பே முடிவு செய்துவிட்டார் என்று நம்பிய பியூரிட்டன்கள். அந்த நம்பிக்கையிலிருந்துதான், உலகத் தொழிலில் பெறும் வெற்றியைத் தெய்வ அனுக்கிரகத்தின் அடையாளமாகத் தேடும் மனப்பான்மை தோன்றியது என்று மாக்ஸ் வேபர் எழுதினார். மதம் தேய்ந்தாலும் அந்த நிழல் தேயவில்லை போலும். நம்மவர்களோ தலையெழுத்து என்று சொல்லிவிடுகிறோம். அவர்களுடைய எண்ணம் தற்செயலைத் தண்டனையாக்குகிறது. நம்முடையது அதையே சாக்காக்கி, மறுமுறை முயலவிடாமல் கையைக் கட்டிப்போடுகிறது. 'தகுதியைச் சேர்ப்பது என் கடமை, அதைச் சேர்த்துவிட்டேன், இவ்வாண்டு குடத்திலிருந்து என் ஓலை வரவில்லை, எங்கே குறை என்று கேட்டுத் திருத்திக்கொண்டு அடுத்த ஆண்டு மறுபடியும் போடுவேன்' என்று சொல்கிறவன்தான், கீதையைப் படிக்காவிட்டாலும், அதன்படி நடக்கிறவன்.

இங்கே அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். இருபத்திரண்டு வயதில் பட்டம் பெற்ற பிள்ளை அவ்வாண்டே மருத்துவக் கல்லூரியில் சேராவிட்டால், ஊருக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள் கலங்குகிறீர்கள், அதை மறைக்கிறீர்கள், பிள்ளையும் உங்கள் முகத்தைப் பார்த்து அதைத் தோல்வி என்றே முடிவு கட்டிக்கொள்கிறது. இன்று அந்நாட்டில் மருத்துவக் கல்லூரியில் சேர்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் பட்டம் பெற்ற கையோடு சேர்ந்தவர்கள் அல்லர். ஓராண்டோ ஈராண்டோ ஆம்புலன்ஸ் வண்டியிலும், வைத்தியரின் குறிப்பு எழுத்தராகவும், ஆராய்ச்சிச் சாலையிலும் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களே. அந்த ஓராண்டைப் பிள்ளைக்கு மனமாரக் கொடுங்கள். சனிக்கிழமை தவறாமல் அவன் ஹாஸ்பிஸுக்குப் போகிறான் என்றால், இனி அது விண்ணப்பத்தில் ஏறுமா என்று மட்டும் கேட்காதீர்கள்.